குன்னூர்ப் பக்கத்துக் கால்பந்து மன்றம் ஒன்றின் எதிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் வட்டாரத்திலிருந்து மாவட்ட லீக்கில் ஆடிவரும் எங்கள் கால்பந்து மன்றம், அடுத்த பருவத்தில் மூத்தோர் (சீனியர்) அணியைக் களமிறக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பல ஆண்டுகளாகச் செலவைத் தாங்கிவந்த தேயிலைத் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவர் இனி தம்மால் இயலாது என்று சொல்லிவிட்டார். பயிற்சி நடக்கும் மைதானத்துக்கு இருந்த வாய்மொழி அனுமதியும் எந்நேரமும் விலக்கிக்கொள்ளப்படலாம் என்ற நிலை வந்திருக்கிறது. உறுப்பினர்களும் ஆட்டக்காரர்களும் சிறுவர்களின் பெற்றோரும் கேட்டுவரும் கேள்விகளுக்குச் செயற்குழுவின் சார்பில் இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. சில இடங்களில் எழுதுபவரின் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. அது பொதுக்குழுவைக் கட்டுப்படுத்தாது.

மன்றத்தை மூடிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இந்தப் பேச்சில் மூன்று தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. லீக்கில் ஆடும் மூத்தோர் அணி ஒன்று. ஞாயிறு காலையில் நடக்கும் சிறார் பயிற்சி மற்றொன்று. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கம் என்பது மூன்றாவது. முதலாவது ஒரு பருவம் நின்றாலும் மற்ற இரண்டும் தொடரலாம். சங்கம் கலைந்துபோனால்தான் மூன்றும் ஒருசேரப் போகும். இப்போது கேள்விக்குள்ளாகியிருப்பது முதலாவது மட்டுமே. மைதானம் கைவிட்டுப் போனால் இரண்டாவதும் சேரும். சங்கத்தைக் கலைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இதுவரை எவரும் முன்மொழியவில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது?

ஒருவருடைய தாராள மனத்தை நம்பியே இத்தனை ஆண்டுகள் ஓடியதுதான் முதற்காரணம். அந்த உதவி நின்றதற்கு அவரைக் குறைசொல்வது நியாயமாகாது. நீலகிரியின் பொருளாதாரம் பெரும்பாலும் பசுந்தேயிலையின் விலையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் ஏலத்தில் கிடைக்கும் விலைக்கும் கூலி, விறகு, மின்சாரச் செலவுக்கும் இடையில் நசுங்கும் காலத்தில், முதலில் வெட்டப்படுவது கோயில் நன்கொடையாக இருக்காது, பந்துக்கும் ஜெர்சிக்கும் தரும் பணமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் ஆள் பற்றாக்குறை. பத்தொன்பது, இருபது வயதில் ஓர் ஆட்டக்காரன் உருப்பெறும் நேரத்தில்தான் அவன் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலை தேடி மலையிறங்குகிறான். மலையிலேயே இளைஞர்களை நிறுத்திவைத்த பெரிய ஆலைகள் குறைந்துவிட்டன. ஊட்டி இந்து நகரில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், டிஜிட்டல் புகைப்படம் வந்த பிறகு நலிந்து மூடப்பட்டது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகிறது என்றாலும், அதில் ஒரு தலைமுறைக்கு முன்பிருந்ததைப் போல ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் வேலை கிடைத்துவிடுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு பேருந்தேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு, அன்றிரவே திரும்பிப்போகிறவர்களைக் கொண்டுதான் கடந்த பருவங்களில் அணியை ஒப்பேற்றினோம். அவர்கள் எவரும் இதற்காக ஒரு ரூபாயும் கேட்டதில்லை என்பதைப் பதிவுசெய்தாக வேண்டும்.

மூன்றாவதாக, கூடலூருக்கு அப்பால் வயநாட்டிலும் மலப்புறத்திலும் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்கின்றன. அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பின் அங்கீகாரம் அவற்றுக்கு இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கையில் பணம் தருகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் காலரி கட்டி ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். எங்கள் லீக் ஆட்டத்தைப் பார்க்க வருவோரில் பாதிப்பேர் உள்ளே ஆடுகிறவர்களின் உறவினர்கள். எந்த இளைஞன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பணம் எதில்தான் செலவாகிறது? பதினொரு பேரும் ஒரு பந்தும் இருந்தால் போதாதா?

பெரும்பகுதி வேன் வாடகையில் போகிறது. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு மட்டும் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை; குன்னூரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அதற்கு முன்னால் ஊட்டிவரை ஏறும் பாதையும் இருக்கிறது. நடுவட்டம் வழியாக இறங்கி, ஆடி, திரும்பி ஏறினால் ஒரு நாள் முழுவதும் முடிந்துவிடும். சாப்பாடு, நடுவர் கட்டணம், அணி நுழைவுக் கட்டணம், ஆட்டக்காரர் பதிவு, வலை, சுண்ணாம்பு, முதலுதவிப் பெட்டி ஆகியவை அடுத்து வருகின்றன. ஈர மண்ணில் ஆடுவதால் பந்தும் ஷூவும் சமவெளியைவிட விரைவில் பாழாகின்றன.

மைதானத்துக்கு என்ன சிக்கல்?

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் என்பது எழுதுபவரின் துணிபு. பணமில்லாத அணி ஒரு பருவம் ஒதுங்கியிருந்து மீளலாம். மைதானமில்லாத அணிக்கு மீள இடமில்லை. நீலகிரியில் சமதரை என்பது இயற்கையாகக் கிடைப்பதன்று. கோத்தகிரி காந்தி மைதானம் போன்ற பொது இடங்களைத் தவிர்த்தால், இருக்கும் மைதானங்களில் பல எஸ்டேட்டுகளும் பள்ளிகளும் இராணுவமும் தங்கள் தேவைக்காகச் சரிவை வெட்டி உண்டாக்கியவை. எங்கள் மைதானமும் ஓர் எஸ்டேட் அப்படி உண்டாக்கியதே. முன்பிருந்த மேலாளர் விளையாடிக்கொள்ளச் சொன்னார். அவருக்குப் பின்வந்தவரும் தடுக்கவில்லை. இவ்வளவுதான் எங்களிடமுள்ள உரிமை. காகிதம் ஏதுமில்லை.

காகிதம் இருந்தவர்களுக்கே நிலம் நிலைக்கவில்லை என்பதை ஊட்டியில் எல்லோரும் பார்த்தோம். நகரின் நடுவே 50 ஏக்கருக்கு மேல் பரந்திருந்த குதிரைப் பந்தய மைதானத்தை, குத்தகை முடிந்து வாடகை நிலுவையில் இருந்ததைக் காட்டி, 2024 ஜூன் மாதத்தில் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. அது சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. அவ்வளவு பெரிய அமைப்புக்கு நேர்ந்தது, வாய்வார்த்தையை நம்பி நிற்கும் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுதில் நேரக்கூடும் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

வேறிடத்தில் புதிய மைதானம் அமைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். மலைப்பகுதியில் மண்ணைத் தோண்டிச் சமப்படுத்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் பொக்லைன் இயந்திரத்தை இறக்க முடியாது. மரம் வெட்டுவதற்குத் தனிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மண்சரிவில் வீடுகளையும் உயிர்களையும் இழந்த மாவட்டத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் தளர வேண்டும் என்று ஒரு கால்பந்து மன்றம் கேட்பதும் முறையன்று. ஆகவே இருக்கும் மைதானத்துக்கே எழுத்துமூலம் அனுமதி பெறுவது ஒன்றுதான் வழி. வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரம், வடிகாலை யார் தூர்வாருவது, காயம்பட்டால் யார் பொறுப்பு என்பவற்றைக் குறித்த ஓராண்டு ஒப்பந்தத்தின் வரைவை எஸ்டேட் நிர்வாகத்திடம் செயற்குழு கொடுத்திருக்கிறது. பதில் வரவில்லை.

சொந்த ஊரில் இன்னும் கூடுதலாக ஆட்டங்களை நடத்தி நுழைவுச்சீட்டு விற்கலாமே?

நாட்காட்டி இடங்கொடுப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளை நனைத்தெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அது ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் முறை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் அந்த மாதங்களில் பாதையை நம்பி வெளியூர் அணியை அழைப்பதற்கே தயங்குகிறோம். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுகிறது; வெயில் ஏறும்வரை புல்லில் கால்வைக்க முடியாது. ஏப்ரலும் மே மாதமும் சுற்றுலாப் பருவம். அப்போது திறந்த வெளி எதுவானாலும் வாகன நிறுத்தமாகிவிடும்.

அதோடு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ நட்பு ஆட்டத்துக்கு வேனில் வரும் அணிதான் முன்கூட்டியே பதிய வேண்டும். ஆக, நிம்மதியாக ஆடக் கிடைப்பது பிப்ரவரியும் மார்ச்சும் அவற்றின் முன்பின் சில வாரங்களும்தான்.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே?

கேட்கலாம், ஆனால் பலரும் நினைப்பதுபோல அது எளிதில் கிடைப்பதன்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உடைய நிறுவனங்களுக்கே பொருந்தும். அவை முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்கள் பக்கத்து இலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

வரம்புக்குள் வரும் நிறுவனம் ஒன்று கிடைத்தாலும், அந்தப் பணத்தை விளையாட்டுப் பயிற்சிக்குத்தான் தர முடியும். ஜெர்சியில் தன் பெயரைப் போட்டு விளம்பரப் பயன் தேடும் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்ட விதிகள் இடந்தருவதில்லை. அதாவது, மூத்தோர் அணியின் வேன் வாடகைக்கு இந்த வழி உதவாது. சிறார் பயிற்சிக்கு உதவலாம். நிதியைப் பெறும் சங்கத்துக்கும் மூன்றாண்டுச் செயல்பாடு, 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள், சமூகப் பொறுப்பு நிதி பெறுவோர் கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யவேண்டிய சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு ஆகியவை வேண்டும். எங்களிடம் செயல்பாடு இருக்கிறது, ஏனையவை இல்லை. இவற்றைச் செய்துமுடிக்கக் கணக்கும் படிவமும் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். நன்கொடையாளரைத் தேடுமளவுக்கு அப்படிப்பட்ட ஒருவரை நாம் தேடவில்லை என்பது எழுதுபவரின் மனக்குறை.

அரசு உதவி?

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் எங்கள் சிறுவர்கள் பங்கேற்கலாம். 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். அது தனிப்பட்ட வீரர், வீராங்கனைகளின் தேவைகளை முதன்மையாகக் கருதுகிறது. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு உரியது, மன்றங்களுக்கு நேரடியாக வருவதில்லை. ஊராட்சியிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். ஓர் அணியின் ஆண்டுச் செலவை ஏற்கும் திட்டமாக இவற்றுள் எதையும் எண்ண வேண்டாம்.

மேல்நிலை லீக்குகளுக்குப் போனால் பணம் வரும் என்று சொல்கிறார்களே?

மேலே போனவர்களின் கதையைப் பார்த்துவிட்டு இதைப் பேசுவது நல்லது. 1996–97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2005–06இல் அதே பட்டத்தை வென்ற மகிந்திரா யுனைட்டெட் அணியும் அதே காலத்தில் மூடப்பட்டது. இரண்டுக்கும் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது: கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என்று வென்று தேசிய அளவிலான ஐ-லீக்கின் 2018–19 பட்டத்தை எடுத்தபோது மலையிலிருந்தும் ஆட்கள் இறங்கிப்போய்க் கொண்டாடினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. உச்சியிலிருக்கும் இந்தியன் சூப்பர் லீக்கும் தப்பவில்லை. 2010இல் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு செய்துகொண்ட பதினைந்தாண்டு வணிக ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், அடுத்தது என்ன என்று தெரியாமல் 2025 ஜூலையில் அதன் பருவமே நிறுத்திவைக்கப்பட்டது.

ஒரே கையை நம்பிய அணி, அந்தக் கை எவ்வளவு பெரியதானாலும், அது விலகும் நாளில் விழுந்துவிடுகிறது. எங்கள் அளவில் இதற்கு மாற்று, ஒருவர் தரும் பெருந்தொகைக்குப் பதில் பலர் தரும் மாதச் சந்தா. அது வேகமாகச் சேராது.

வெலிங்டன் அணி டூரண்ட் கோப்பையையே வென்ற மலையல்லவா இது? அந்தப் பெருமைக்கு மதிப்பில்லையா?

உண்டு. 1888இல் தொடங்கிய டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியை, குன்னூரை அடுத்த வெலிங்டனிலுள்ள இராணுவப் பயிற்சி மையமான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணி 1955இலும் 1958இலும் வென்றது. 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்றவரும், 1962இல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவருமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அந்த இராணுவ அணியில் ஆடியவர். ஆனால் அது இராணுவத்தின் ஊதியமும் உணவும் மைதானமும் பெற்ற அணி. ஆண்டு விழா மேடைகளில் அந்தக் கோப்பைகளை நம்முடையவைபோலப் பேசுகிறோம். நம் மன்றத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் இருந்தால் இந்த மலையிலும் தேசியத் தரத்தில் அணி அமையும் என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

நான் மூத்தோர் அணி ஆட்டக்காரன். அணி இறங்காவிட்டால் என் பதிவு என்னவாகும்?

கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் உங்கள் பெயர் எங்கள் மன்றத்தின்கீழ் இருந்தால், வேறு மன்றத்துக்குச் செல்ல விடுவிப்பு வேண்டும். கேட்கும் எவருக்கும் கட்டணமில்லாமல், தாமதமில்லாமல் அதைத் தருவது என்று செயற்குழு முடிவுசெய்துள்ளது. மன்றம் மாற அனுமதிக்கும் காலம் முடிவதற்குமுன் கேளுங்கள். இறுதி நாளில் வந்து நின்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய இயலாமல் போகலாம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் கட்டணத்துக்கு நாடுவிட்டு நாடு மாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயதுமுதல் 23 வயதுவரை பயிற்றுவித்த மன்றங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் விதி. பயிற்றுவித்த மன்றம் இல்லாமல் போயிருந்தால் அப்பங்கை நாட்டின் கூட்டமைப்பு பெறலாம். எங்கள் சிறுவன் ஒருவன் அப்படி விலைபோவான் என்று கனவு காணச் சொல்லவில்லை. ஆனால் சிறுவர்களையும் முறையாகப் பதிந்து வைப்பதற்கும் சங்கத்தை உயிரோடு வைத்திருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

சிறார் பயிற்சி தொடருமா?

மைதானம் இருக்கும்வரை தொடரும். இதற்கு ஆகும் செலவு மூத்தோர் அணியின் செலவில் சிறுபகுதியே, வேன் தேவையில்லை. சிறுமிகள் தனிக் குழுவாக வரத் தொடங்கியிருப்பதால் உடைமாற்ற ஓர் அறை தேவைப்படுகிறது. அருகிலுள்ள பள்ளியிடம் கேட்டிருக்கிறோம். பயிற்றுநர்களில் ஒருவரையாவது கூட்டமைப்பு பயிற்றுநர்களுக்குத் தரும் டி லைசென்ஸ் சான்றுக்கான பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். மூத்தோர் அணியை ஒரு பருவம் நிறுத்திவைத்து, இருக்கும் பணத்தை இங்கே திருப்புவதே சரி என்பது எழுதுபவரின் கருத்து. செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருக்கிறது: அண்ணன்மார் ஆடுவதைப் பார்க்காமல் தம்பிமார் பயிற்சிக்கு வரமாட்டார்கள் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

பக்கத்து மன்றத்தோடு இணைந்துவிட்டால் என்ன?

பேசியிருக்கிறோம். அவர்களுக்கும் மைதானமில்லை.

சங்கத்தைக் கலைத்தால் கோப்பைகளையும் வங்கியிருப்பையும் உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளலாமா?

கூடாது. கலைப்பதற்கே சிறப்புத் தீர்மானம் வேண்டும். முறையாக அறிவிக்கப்பட்ட பொதுக்குழுவில் வந்திருந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். கடன்களைத் தீர்த்தபின் எஞ்சுவது உறுப்பினர்களுக்குச் சேராது. இதே போன்ற நோக்கமுடைய வேறொரு சங்கத்துக்குத்தான் போக வேண்டும். கோல் கம்பங்களும் வலைகளும் அப்படியே. சிலர் வீட்டில் வைத்திருக்கும் சுழற்கோப்பைகளும் மன்றத்தின் சொத்துதான். அவற்றைப் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். கலைக்காமல் வெறுமனே விட்டுவிடுவது இன்னும் மோசமானது: மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யாமல் பல ஆண்டுகள் போனால், பிறகு ஒரு வங்கிக் கணக்கை இயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் அல்லாட வேண்டிவரும்.

பொதுக்குழுவில் யார் வாக்களிக்கலாம்? வர இயலாதவர்கள் என்ன செய்வது?

சந்தா நிலுவையில்லாத உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். நிலுவையுள்ளவர்கள் கூட்டத்துக்கு முந்தைய நாள்வரை கட்டி ரசீது பெற்றுக்கொள்ளலாம். பெற்றோர் வந்து பேசலாம். உறுப்பினராகாதவரை வாக்கு இல்லை. எங்கள் துணைவிதிகள் பதிலாள் வாக்கை அனுமதிக்கவில்லை. எனவே கோவையிலும் திருப்பூரிலும் இருப்பவர்களை முன்னிட்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வைக்கப்படும். மாலைப் பேருந்துக்குள் முடித்துவிடுவோம். வர இயலாதவர்கள் தங்கள் கருத்தை எழுதிச் செயலாளருக்கு அனுப்பினால் அது கூட்டத்தில் வாசிக்கப்படும். கணக்கெழுத முன்வருபவர்கள் அதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடலாம்.